மைலேஜ் குறைந்தால் இஞ்செக்டரைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கிட்ட 2015 மாடல் பெட்ரோல் கார் இருக்கு. 70,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. வீரவநல்லூர்ல இருந்து சேரன்மகாதேவி வழியா திருநெல்வேலி ஜங்ஷனுக்குத் தினமும் போயிட்டு வாரேன். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி இப்போ 13 தான் கொடுக்கு. காலையில சாவியத் திருப்புனா இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகுது. போன கோடையில ரேடியேட்டர் வேலை பார்த்தோம். இப்போ மெக்கானிக், இஞ்செக்டரக் கழத்திக் கிளீன் பண்ணணும், சரிவரலைன்னா நாலையும் மாத்தணும்னு சொல்லுதாரு. பழைய வண்டியில கார்புரேட்டர நானே கழத்தி ஊதி மாட்டுவேன். இது எப்படித்தான் வேலை செய்யுது? இன்னொன்னு, காரையார் மலையில இருந்து இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சமாகுமா?

பதில்: இப்போதைக்கு, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தூவும் அந்த இஞ்செக்டரில் கை வைக்க விடாதீர்கள். மைலேஜ் குறைந்தாலே அதன் தலையில் பழியைப் போடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்த ரேடியேட்டர் வேலைதான். அதற்கு வருகிறேன்.

கார்புரேட்டரில் காற்று போகிற வேகமே பெட்ரோலை உறிஞ்சி இழுத்துக்கொண்டது. பெட்ரோல் வருகிற ஜெட் துளை அடைத்தால் ஊதினோம், ஸ்குரூவைத் திருகினோம், தீர்ந்தது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக அந்தத் தோராயம் எடுபடவில்லை. 2000-ஐ ஒட்டி நம் நாட்டுக் கார்களில், சிலிண்டருக்கு ஒரு இஞ்செக்டர் வைத்துப் பெட்ரோல் தூவும் எம்.பி.எஃப்.ஐ. முறை பரவியது, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பைக்குகளும் அந்தப் பக்கம் போய்விட்டன.

உங்கள் வண்டியில் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது ஒரு மின்சாரப் பம்ப். அது ஏறக்குறைய 3 முதல் 4 பார் அழுத்தத்தில், அதாவது டயர் காற்றைப்போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில், பெட்ரோலை எஞ்சின் மேலிருக்கும் ஃபியூயல் ரெயில் என்கிற குழாய்க்குத் தள்ளுகிறது. அந்த ரெயிலில் சிலிண்டருக்கு ஒன்றாக இஞ்செக்டர்கள். ஒரு இஞ்செக்டரைப் பிளந்து பார்த்தால் உள்ளே கம்பிச்சுருள், ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங், நுனியில் நுண்ணிய துளைகள், அவ்வளவுதான். கரண்ட் வந்தால் ஊசி எழும்பிப் பெட்ரோல் தூவும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அடைத்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் ஒரு தடவை திறந்திருப்பது 2, 3 மில்லிசெகண்டு. 2,000 ஆர்.பி.எம்.மில், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு இஞ்செக்டரும் நிமிஷத்துக்கு 1,000 தடவை திறந்து மூடுகிறது.

எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பது இ.சி.எம். என்கிற கம்ப்யூட்டரின் முடிவு. உள்ளே போகிற காற்று எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சூடு, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டுத்தான் அது கணக்குப் போடுகிறது. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது அடிப்படை. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் எண்ணிச் சொல்கிறவர் தப்பாகச் சொன்னால் சோறு மிஞ்சத்தான் செய்யும். கரண்டியைத் தேய்த்துக் கழுவி என்ன பிரயோஜனம்?

இனி ரேடியேட்டர். நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சூடேறுகிறது என்று வண்டியை விட்டால், "இந்த வெயிலுக்கு இது எதுக்கு" என்று எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள். பிறகு எஞ்சின் 85, 90 டிகிரிக்கு ஏறாமல் 60, 65-இலேயே நிற்கும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.எம். ஐடிலிங்கை ஏற்றி வைக்கும், பெட்ரோலையும் சற்றுத் தாராளமாகவே விடும். ஆயில் இளகாததால் உராய்வு வேறு. வால்வு இருந்தும் திறந்தபடி சிக்கிக்கொண்டால் இதே கதைதான்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், இ.சி.எம்.மில் உள்ள எண்களைக் காட்டும் ஸ்கேனர் கருவியை மாட்டிக் கூலன்ட் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி அன்றைய காற்றின் சூட்டைத்தான் காட்ட வேண்டும்: 26, 28 என்று. 5 டிகிரி காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. வீரவநல்லூரில் மார்கழியிலும் 5 டிகிரி கிடையாது. சென்சார் சரி, ஆனால் ஜங்ஷன் வந்து சேர்ந்தும் 70-ஐத் தாண்டவில்லை என்றால், தெர்மோஸ்டாட்.

அதே ஸ்கேனரில் 'லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்' என்று ஒரு எண் வரும். கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதற்கான சதவீதம் அது. கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலிங்கில் 20 கூட்டிக் காட்டி, ரேஸ் கொடுத்ததும் இறங்கினால், எங்கோ ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போகிறது. மேடேறுவது போன்ற லோடில் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் பம்ப், ஃபில்டர், அதற்கப்புறம்தான் இஞ்செக்டர். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் மிஸ் ஆனால், முதலில் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். அவை சரியென்றால் அந்த இஞ்செக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் அது குற்றவாளிதான், மாற்றலாம்.

காலை ஸ்டார்ட்டிங்குக்கு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுக்கடியில் ஓரிரு விநாடி 'உய்ங்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். நின்றதும் ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால், ராத்திரியில் லைனில் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று அர்த்தம்: பெரும்பாலும் காரணம், பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கப் பம்பிலிருக்கும் செக் வால்வு, சில சமயம் சொட்டுகிற இஞ்செக்டர். ரிசர்வ் லைட் எரிய எரிய ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும்; அதைக் குளிர வைப்பதே டேங்கில் இருக்கிற பெட்ரோல்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றும் யாராவது சொல்வார்கள். எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மை. 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறையலாம். 17-இல் ஒன்று போகும், நான்கு போகாது. ஏர் ஃபில்டரும் அப்படித்தான். திசையன்விளைத் தேரிப் புழுதியில் அடைத்துக்கொண்டால் பிக்கப் போகுமே தவிர, மைலேஜ் பெரிதாக மாறாது. காற்று குறைந்தால் இ.சி.எம். பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும்.

காரையார் விஷயம்: நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது என்று தெரிந்து இ.சி.எம். இஞ்செக்டர்களை அடியோடு மூடிவிடும், ஆர்.பி.எம். ஐடிலிங் பக்கம் இறங்கும்வரை ஒரு துளி போகாது. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமலிருக்கத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்; பாபநாசம் வரும்வரை பிரேக்கை மிதித்துச் சூடாக்குகிற வேலையும் குறையும்.