வாசகர் கேள்வி-பதில்: தண்ணீரில் கரையும் வெள்ளி, பையில் கரையும் வெள்ளி

கேள்வி: எங்கள் தரை வீட்டுப் பின்பக்கத்தில் நாலு பேர் உட்காரும் ஹாட் டப் ஒன்று வைத்திருக்கிறோம், 1,200 லிட்டர். மனைவிக்குக் குளோரின் வாடையே ஆகாது. கடைக்காரர், "மினரல் அயனைசர் மாட்டுங்கள், செம்பும் வெள்ளியும் கிருமியைப் பார்த்துக்கொள்ளும், குளோரினே வேண்டாம், நாசா கண்டுபிடித்தது" என்கிறார். அம்மாவும் ஊர்ச் செப்புக்குடத்தை நினைத்து "அவர் சொல்றது சரிதானே" என்கிறார். வாங்கலாமா?
- செராங்கூன் கார்டன்ஸ் வாசகர்

பதில்: வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் 'குளோரினே வேண்டாம்' என்ற பேச்சை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அம்மா சொல்வதில் பிழை இல்லை. செம்பு கிருமியைக் கொல்லும், வெள்ளியும் கொல்லும். ஆனால் செப்புக்குடத்தில் ராத்திரி ஊற்றி வைத்து விடிந்த பிறகுதானே குடிப்போம்? அந்த 'ராத்திரி முழுக்க' என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அயனைசர் தண்ணீரில் கரைய விடும் செம்பு, வெள்ளியின் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களைத்தான் அயனிகள் என்கிறோம், இவை நிதானமாக வேலை செய்பவை. உங்கள் தொட்டியில் ஒருவர் உடம்பிலிருந்து இறங்கும் கிருமி பக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சேர ஒரு நிமிடம் போதும், அதற்குள் அதை முடித்துக்கட்ட குளோரினோ புரோமினோ தண்ணீரில் தயாராக இருந்தாக வேண்டும்.

நாசா கதையும் பொய்யில்லை. 1960களில் விண்கலத்தில் குடிதண்ணீரைக் காக்க வெள்ளி அயனி விடும் சிறு கருவி ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். ஆனால் அது மூடிய தொட்டியில் இருந்த குடிதண்ணீர். யாரும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதற்குள் இறங்கி உட்காரவில்லை.

இதைச் சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை. அயனைசரால் சுத்தமாக முடியாத வேலை ஒன்று உண்டு: வியர்வை, எண்ணெய், சன்ஸ்கிரீன், சோப்பு நுரை, இதையெல்லாம் எரித்து அழிப்பது. வேதியியலில் இதை ஆக்சிஜனேற்றம் என்பார்கள், குளோரின் அதைச் செய்யும், செம்பு செய்யாது. தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியல் முடித்த கையோடு மொத்தக் குடும்பமும் இறங்கிய தொட்டி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், நீர்மட்டத்தில் சுற்றிலும் வடைச்சட்டி விளிம்பு மாதிரி பிசுக்கு, அயனைசர் விளக்கு மட்டும் பச்சையாக அழகாக எரிந்துகொண்டிருந்தது.

1,200 லிட்டர் என்பது எவ்வளவு குறைவு தெரியுமா? 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள கொண்டோ (தனியார் அடுக்குமாடி) நீச்சல் குளத்தில் 3,60,000 லிட்டர் பிடிக்கும், அதாவது உங்கள் தொட்டியைப் போல 300 மடங்கு. உங்கள் தொட்டியில் நாலு பேர் இறங்குவது அந்தக் குளத்தில் 1,200 பேர் இறங்குவதற்குச் சமம், அதுவும் 38, 39 டிகிரி சூட்டில், வியர்த்துக்கொண்டு.

அந்தச் சூடுதான் கிருமிக்கும் பிடிக்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தால் ஓரிரு நாளில் தோலில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பும், நீச்சலுடை ஒட்டியிருந்த இடத்தில் இன்னும் அதிகமாக. லெஜியோனெல்லா அதைவிட மோசம், ஜெட் கிளப்பும் நீராவித் துளியோடு மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கி அடையாளம் தெரிந்த நோய் அது. ஆஸ்பத்திரி வெந்நீர்க் குழாய்களில் அதை அடக்கச் செம்பு-வெள்ளி அயனிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் குழாய்க்குள் யாரும் குளிப்பதில்லையே.

சரி, எவ்வளவு குளோரின்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்புக்குக் குறைந்தது 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) ஃப்ரீ குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் வேலைக்குத் தயாராக மிச்சமிருக்கும் குளோரின், இருக்கச் சொல்கிறது, புரோமின் என்றால் 4, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.0 முதல் 7.8 வரை. அயனைசர் விற்பவர்களில் சிலர் 0.5 போதும் என்பார்கள். வீட்டில் பிள்ளைகளும் வயதானவர்களும் இறங்கும் தொட்டி என்றால் நான் 3இலிருந்து இறங்க மாட்டேன். ஜெட் ஓட ஓட பிஎச் ஏறும், 8ஐத் தாண்டினால் குளோரினும் சோர்ந்துவிடும், செம்பும் கரைந்து நிற்காமல் பச்சை நீலக் கறையாகச் சுவரில் படியும். அதனால் பிஎச்சைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்தும் பயனில்லை.

மனைவிக்குப் பிடிக்காத அந்த வாடை இருக்கிறதே, அது பெரும்பாலும் குளோரின் கூடியதால் வருவதில்லை, போதாமல் போனதால் வருவது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரின் குளோரமைனாக மாறி மூக்கைத் துளைக்கிறது. எல்லாரும் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரட்டும், வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து வைத்து ஷாக் மருந்து (சேர்ந்த அழுக்கை மொத்தமாக எரிக்கும் மருந்து) போடுங்கள், ஒரு மாதம் கழித்து அவரையே கேளுங்கள். குளத்துக்குப் போடும் பெரிய குளோரின் வில்லையை மட்டும் தொட்டியில் போடாதீர்கள், அது அமிலம், ஹீட்டரை அரித்துவிடும்.

அப்படியானால் அயனைசரால் என்னதான் லாபம்? ஆள் இறங்காத நாட்களில் கிருமி பெருகாமல் ஒரு காவல், அவ்வளவுதான். செம்பின் பெரிய திறமை பாசியை அடக்குவது, ஆனால் மூடி போட்ட தொட்டியில் வெயிலே படாது, பாசி எங்கிருந்து வரும்? பல நூறு வெள்ளி (டாலர்) கொடுத்து மின்கம்பி வைத்த வகையை வாங்குவதைவிட, வடிகட்டியின் நடுவில் செருகும் மினரல் குச்சி மலிவு.

கேள்வி: மகள் முடியை வெளுக்க வைத்துச் சாயம் போட்டிருக்கிறாள். ஹாட் டப்பில் இறங்கியதிலிருந்து பச்சை அடிக்கிறது. குளோரினைக் குறைக்கட்டுமா?
- பொங்கோல்

பதில்: குளோரினை விடுங்கள், செம்பைப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த செம்பு வெளுத்த முடியில் ஒட்டிக்கொண்டால்தான் பச்சை வரும். உங்களிடம் அயனைசர் இருந்தால் அதன் அளவைக் குறையுங்கள், செம்பு காட்டும் சோதனைத் தாள் வாங்கி 0.2, 0.3 பிபிஎம்முக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயனைசரே இல்லை என்றால் ஹீட்டர் அரிக்கிறதோ என்று ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மகள் முடியை முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டு இறங்கட்டும்.

கேள்வி: தண்ணீரை எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது? பழைய தண்ணீரை வாசல் கால்வாயில் விடலாமா?
- பெயர் வேண்டாம், பாசிர் ரிஸ்

பதில்: ஒரு பழைய கணக்கு உண்டு. லிட்டரை 11.4ஆல் வகுத்து, அதைத் தினசரி இறங்குபவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் நாள் கிடைக்கும். 1,200 லிட்டர், தினம் மூன்று பேர் என்றால் 35 நாள். அயனைசர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, கரைந்த உப்பும் அழுக்கும் எங்கும் போவதில்லை.

கால்வாயில் விடாதீர்கள். இங்கே சிங்கப்பூரில் மழைக்கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு, கால்வாய்த் தண்ணீர் நம் நீர்த்தேக்கங்களுக்கோ கடலுக்கோதான் போகிறது, செம்பு மீனுக்கு விஷம். கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். காலியாக்கிய தொட்டியின் மூடிமேல் மழைத்தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கைப்பிடித் தண்ணீர் தாராளம், சோதனைக்கு வரும் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி அந்த மூடியையும் தூக்கிப் பார்ப்பார்.