200 ஜாப்களிலும் ஒரே விடை வருவது ஏன்?

கேள்வி: மேட்லேபில் எழுதிய மாண்டே கார்லோ கணக்கை (தற்செயல் எண்களை வைத்து விடையை மதிப்பிடுவது), பல கணினிகள் சேர்ந்த பல்கலைக்கழக கிளஸ்டரில், வேலைகளைப் பிரித்துத் தரும் ஸ்லர்ம் மென்பொருள் வழியாக 200 அரே ஜாப்களாக (ஒரே நிரலின் எண்ணிட்ட ஓட்டங்கள்) அனுப்பினேன். 200 கோப்புகளிலும் கடைசி தசமம் வரை ஒரே விடை. போதாததற்கு, ஒவ்வொரு ஜாப்பும் என் லேப்டாப்பைவிட மெதுவாக ஓடியது. கிளஸ்டரில் கோளாறா?

பதில்: கிளஸ்டர் சரியாகத்தான் இருக்கிறது. மேட்லேபைப் புதிதாகத் திறந்து, தற்செயல் எண் தரும் ‘ரேண்ட்’ (rand) என்று அடித்துப் பாருங்கள்: 0.8147. மூடிவிட்டு மறுபடி திறந்து அடியுங்கள். அதே 0.8147. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது சீடை (எண் வரிசை எங்கே தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 0 என்றே வைத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் ஒரே லூப்புக்குள் 200 முறை ஓட்டும்போது எண் வரிசை நகர்ந்துகொண்டே போவதால் இது கண்ணில் படாது. அரே ஜாப்பிலோ 200 மேட்லேப்கள் தனித்தனியே கிளம்பி, எல்லாம் அதே முதல் எண்ணில் ஆரம்பிக்கின்றன. ஒரே சோதனையைத்தான் 200 நகல் எடுத்திருக்கிறீர்கள். (விடைகள் அச்சு அசலாக இருந்ததால் பிடிபட்டது. ஜாப்புக்கு ஜாப் உள்ளீடு மாறியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.)

ஸ்லர்ம் ஒவ்வொரு ஜாப்புக்கும் தரும் அரே டாஸ்க் ஐடியை (ஜாப்பின் வரிசை எண்) ‘கெட்என்வ்’ (getenv) மூலம் எடுத்து, அதையே சீடாக, சீடு வைக்கும் ‘ஆர்என்ஜி’க்குக் (rng) கொடுங்கள். வருவது எழுத்துச் சரம். ‘ஸ்ட்ர்2டபுள்’ (str2double) போட்டு எண்ணாக்க மறக்காதீர்கள். ‘ஆர்என்ஜி’க்கு ‘ஷஃபிள்’ (shuffle) கொடுக்க வேண்டாம். அது கடிகாரத்தைப் பார்த்துச் சீடு போடுகிறது. ஒரே நொடியில் பல ஜாப்கள் கிளம்பும் இடத்தில் அதை நம்ப முடியாது. அப்புறம், சீடைக் குறித்து வைக்காவிட்டால் அதே விடையைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

வேகத்துக்கு வருவோம். லேப்டாப்பில் பெரிய அணிப் பெருக்கலை மேட்லேப் தானாகவே எல்லா கோர்களிலும் (செயலியின் கணக்கிடும் அலகுகள்) பிரித்துப் போடும். ஸ்லர்மிடம் கேட்காவிட்டால் டாஸ்க்குக்கு ஒரு கோர்தான் கிடைக்கும். உங்கள் கணக்குக்கு அதுவே போதும் என்பேன்: 200 ஜாப்கள் ஒரு கோரில் மெதுவாக ஓடினாலும், மொத்த வேலை சீக்கிரம் முடியும். மேட்லேபை ஒற்றை த்ரெட்டில் (ஒரே கோரில் மட்டும்) ஓட்டும் ஆப்ஷனையும் (-singleCompThread) சேர்த்துவிடுங்கள்.

மேட்லேபைத் தொடங்கும் கட்டளையில் ‘மைனஸ் ஆர்’ (-r) போட்டு நிரலை ஓட்டும் பழக்கமிருந்தால் விடுங்கள். மேட்லேப் 2019ஏ பதிப்பு முதல் ‘மைனஸ் பேட்ச்’ (-batch) இருக்கிறது. நிரலில் பிழை வந்தால் தானே வெளியேறி, ஜாப் தோற்றதை ஸ்லர்முக்கும் சொல்லிவிடும்.

பல்கலைக்கழகத்திடம் மேட்லேப் உரிமங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் உள்ளன என்றால், ஸ்லர்மில் தரும் அரே வரம்புக்குப் பின்னால் சதவீதக் குறியும் 20-உம் சேருங்கள் (1-200%20). ஒரே நேரத்தில் 20-க்கு மேல் ஓடாது.

முதலில் இரண்டே ஜாப் அனுப்பி, இரண்டிலும் முதல் ‘ரேண்ட்’ வெவ்வேறாக வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு மீதி 198.