சமூகத்துக்கே சொந்தமான, இலவசத் திறமூல (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய) மொழி கற்றல் தளத்தை உருவாக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் செயலியிலிருந்து தொடங்காதீர்கள். நானும் நான்கு நண்பர்களும் அப்படித் தொடங்கி, ஒன்றரை வருடத்தில் கையை உதறிவிட்டு வந்தவர்கள்.

அலுவலகத்தில் ஒடிசாக்காரர் ஒருவர், வீட்டு ஓனரிடமும் ஆட்டோக்காரரிடமும் பேசுகிற அளவுக்காவது தமிழ் வேண்டும் என்று கேட்டார். அதில் ஆரம்பித்தது. ஐந்து பேருமே புரோகிராமர்கள் என்பதால் முதல் நான்கு மாதம் லாகின், மதிப்பெண், தினமும் வந்தால் எரியும் தீச்சுடர் என்றே போனது. பாடம் என்று பார்த்தால் முப்பது வாக்கியம்கூட இல்லை. கடையைத் திறந்துவிட்டோம், சரக்கு இல்லை. இத்தனைக்கும் லிப்ரெலிங்கோ என்ற திறமூலத் திட்டம் ஏற்கெனவே இருந்தது. பாடங்களை யாமல் (YAML) என்ற எளிய உரைக் கோப்புகளாக எழுதிக் கொடுத்தால் அதுவே பயிற்சிகளாக மாற்றிவிடும். அட்டைகளைப் புரட்டி மனப்பாடம் செய்வது போதுமென்றால் 2006இலிருந்து ஆங்கி (Anki) என்ற செயலி இருக்கிறது. நிரலுக்குப் பஞ்சமே இல்லை.

உங்கள் கேள்வியில் கனமான சொல் 'சொந்தமான' என்பதுதான். மொழி கற்றுத்தரும் செயலியான டுவோலிங்கோ 2013இல் இன்குபேட்டர் என்று ஒன்றைத் திறந்தது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பாடங்களை எழுதினார்கள், ஸ்டார் ட்ரெக் படங்களின் கற்பனை மொழியான கிளிங்கான் உட்பட. 2021இல் அந்தத் தன்னார்வ ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதே வருடம் நிறுவனம் பங்குச்சந்தைக்கும் போனது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் மொழியான வெல்ஷ் பாடமும் தன்னார்வலர்கள் தொடங்கியதுதான். 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்று வேல்ஸ் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அப்படியிருக்க 2023இல் அந்தப் பாடத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவைப்பதாக நிறுவனம் அறிவித்தது. பாடம் அழிந்துவிடவில்லை. ஆனால் வேல்ஸ்காரர்கள் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தாங்களே வளர்க்க வழியில்லை. நிறுவனத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, தன்னார்வலர்களுக்குக் கடைசியில் பணமும் கொடுத்தார்கள். அது வாடகை வீடு, சுண்ணாம்பு அடித்தது மட்டும் நாம். அவ்வளவுதான் விஷயம்.

ததோய்பா என்ற தளத்தைப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் 'உதாரணமாக' என்று பொருள். 2006இல் ட்ராங் ஹோ என்பவர் தொடங்கியது, பல மொழி வாக்கியங்களும் அவற்றின் மொழிபெயர்ப்புகளும் மட்டும்தான் உள்ளே. வாக்கியங்கள் மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன, மொத்தத் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நாளைக்கே அந்தத் தளம் மூடினாலும் இன்னொருவர் வேறிடத்தில் கடை போட்டுவிடலாம். என் அளவுகோல் அதுதான். அங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, விட்டுவிட்டுப் போனால் அது அனாதை, வேறொருவர் தத்தெடுக்கலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் 'எல்லாருடையதும்' என்று விட்டால் பிழையைத் திருத்த ஒருவரும் வரமாட்டார்கள் என்பது நாங்கள் வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்த ஷீட்டைப் பார்த்தபோது புரிந்தது.

சரி, வாக்கியங்களில் என்ன கஷ்டம்? 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் தட்டச்சு செய்கிற பதிலில் எதையெல்லாம் சரி என்று ஏற்பீர்கள்? 'நான்' முதலில் வரலாம், நடுவில் வரலாம், வராமலே இருக்கலாம். வீட்டுக்கு, வீட்டிற்கு இரண்டும் சரி. போகிறேன், செல்கிறேன், போறேன் மூன்றும் சரி. மூன்றை இரண்டால் பெருக்கி மறுபடி மூன்றால் பெருக்கினால் பதினெட்டு. மூன்று சொல் வாக்கியத்துக்கே பதினெட்டு விடை! ஒற்று விட்டுப்போனால் தவறு என்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்பது தனிப் பஞ்சாயத்து. ஆங்கிலத்தில் சொல்வரிசை கிட்டத்தட்ட நிலையானது, அதை மனதில் வைத்து எழுதிய விடை சரிபார்ப்பை அப்படியே தமிழுக்குப் போட்டால் சரியாக எழுதியவருக்கும் சிவப்புக் கோடு விழும். எங்கள் ஒடிசா நண்பர் 'வீட்டுக்குப் போறேன்' என்று அழகாக எழுதி மூன்று முறை தவறு வாங்கினார். நான்காவது முறை போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம், யாருடைய தமிழ்? 'எங்கே போகிறீர்கள்' என்று கற்றுக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்றால் எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும். பேச்சுத் தமிழ் என்று முடிவெடுத்தால், எந்த ஊர்ப் பேச்சு? குழுவில் இருந்த மதுரைக்காரர் 'அங்கிட்டு' இல்லாமல் பாடமா என்றார், கோயம்புத்தூர்க்காரர் 'வாங்க' என்றால் மரியாதை போதாது, 'வாங்கோ' வேண்டும் என்றார். இதிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுத்து வடிவம், பேச்சு வடிவம், ஊர் என்று மூன்று கட்டம் வைத்தோம். நாங்கள் உருப்படியாகச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி முடிவுகளை யார் எடுப்பது என்பதை நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

குரல் பதிவில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். நண்பரின் அக்கா இருநூறு வாக்கியங்களுக்கு மேல் பேசிக் கொடுத்தார், அருமையான குரல். எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்று யாரும் கேட்டு வாங்கவில்லை. பிறகு வேறு ஒரு திட்டத்துக்குத் தரலாமா என்று கேட்டபோது தயங்கினார், நியாயம்தான். அத்தனையும் முடங்கிப் போனது. பொதுமக்களிடம் குரல் பதிவு திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் இதைச் சரியாகச் செய்கிறது. சிசி0 (CC0), அதாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் விடுவது என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லித்தான் குரல் வாங்குகிறார்கள், மற்றவர்கள் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். தமிழும் அதில் உண்டு. ததோய்பாவிலும் இங்கே கவனம் தேவை: வாக்கியத்துக்கு ஒரு உரிமம், ஒலிக்கு வேறு, சில ஒலிகளை வெளியே பயன்படுத்தவே முடியாது.

எங்கள் கதை முடிந்தது டொமைனில், அதாவது தளத்தின் இணைய முகவரியில். அதை ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்தக் கார்டில் வாங்கியிருந்தார். வேலை மாறி வெளிநாடு போனார், கார்டு காலாவதி, நினைவூட்டல் மெயிலை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை எங்கள் முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். உரிமம் எல்லாம் திறமூலம்தான், வீட்டுச் சாவி மட்டும் ஒருவர் சட்டைப்பையில். குறைந்தது மூன்று பேரிடம் கடவுச்சொற்கள் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஆரம்பத்தில் ஹோஸ்டிங் செலவு சொற்பம், செலவாவது ஆட்களின் நேரம்தான். ஆங்கி ஒரு வழி காட்டுகிறது: மற்றதெல்லாம் இலவசம், ஐபோன் செயலிக்கு மட்டும் விலை, அந்தப் பணத்தில் வளர்ச்சி. வருமானம் வரட்டும் என்று பாடத்தை மட்டும் பூட்டாதீர்கள். 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமமும் வேண்டாம், விக்கிப்பீடியா போன்ற விக்கிமீடியா திட்டங்களுக்குக்கூட அந்த உள்ளடக்கம் பயன்படாமல் போகும்.

ஆகவே முதலில் ஒரு ஷீட், ஐம்பது வாக்கியம், மேலே ஒரு வரி உரிமம். அதை வைத்து நேரில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், செயலி அப்புறம். நீங்கள் எடுக்கப்போவது தமிழ் என்றால் சொல்லுங்கள். எங்கள் பழைய ஷீட்டில் நாங்கள் ஐந்து பேரே எழுதிய நானூறு வாக்கியங்கள் அப்படியே கிடக்கின்றன. மூவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன், வெளிநாட்டு நண்பர் மட்டும் இன்னும் பதில் போடவில்லை.