பி.காம் முடித்துவிட்டு எம்பிஏ துறைமுக மேலாண்மை: கப்பலில் ஏற முடியுமா?

பி.காம் முடித்திருக்கிறீர்கள், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுக, கப்பல் மேலாண்மை எம்பிஏ படித்தால் கப்பலில் வேலை கிடைக்கும் என்று ஏஜென்ட் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. கப்பல் அதிகாரியாக 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். அப்புறம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த டிஎன்எஸ் (நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமா) அல்லது மரைன் இன்ஜினியரிங் போன்ற படிப்பு. இந்த எம்பிஏ கரை வேலைக்கானது.

அதற்காக அது மட்டமில்லை. பி.காம் படித்தவருக்குக் கரைதான் தோது என்பேன். பில் ஆஃப் லேடிங் என்பது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம். அது சரக்கின் ரசீது மட்டுமல்ல, உரிமை ஆவணமும்கூட. அசல் பிரதி வந்து சேரத் தாமதமானால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். இலவச நாட்கள் தாண்டியதும் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும். அந்தச் செலவை யார் சுமப்பது என்று ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆள் சரக்கு அனுப்பிவைக்கும் எல்லா ஃபார்வர்டிங் ஆபீசுக்கும் தேவை. வங்கி, லெட்டர் ஆஃப் கிரெடிட் (வாங்குபவர் சார்பில் வங்கி தரும் பண உத்தரவாதம்) எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த சங்கதி. செலவும் பொறுப்பும் விற்பவருக்கா வாங்குபவருக்கா என்று பிரித்துச் சொல்லும் சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இன் 11 விதிகளை இப்போதே படியுங்கள். அவற்றில் எஃப்ஓபி, சிஐஎஃப் என்ற இரண்டு விதிகளிலும் சரக்கு கப்பலில் ஏறியதுமே சேதத்துக்கான பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடும். சிஐஎஃப்பில் கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் கட்டுவதால் பலர் இதில் குழம்புவார்கள்.

தூத்துக்குடி பக்கம் என்கிறீர்கள். சேருமுன் அங்கே ஒரு சிஎஃப்எஸ்ஸிலோ (கன்டெய்னர் சரக்கைக் கையாளும் கிடங்கு) சுங்க வேலைகளை முடித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கரிடமோ கொஞ்ச நாள் வேலை பாருங்கள், சம்பளம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஏஜென்டிடம் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.