பிரஷர் மாத்திரை: காலையா, இரவா?

கேள்வி: இரவில் போட்டால்தான் மாரடைப்பு வராது என்கிறார்களே?

2019இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு இரவு நேரத்தை உயர்த்திப் பேசியது. அது நடத்தப்பட்ட விதம் குறித்துப் பல கேள்விகள் எழுந்தன. பிரிட்டனில் 20,000 பேருக்கு மேல் ஐந்தாண்டு கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் மறக்காத நேரம் எதுவோ, அதில் போடுங்கள். தினமும் அதே நேரம்.

கேள்வி: இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுகிறேன். மாத்திரையாலா?

எந்த மாத்திரை? பெயரை எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது நீர் பிரிய வைக்கும் மருந்து. காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் பிரஷர் அளந்து, மேல் எண் 130ஐத் தாண்டினால் மட்டும் ஆம்லோடிபின் போடுகிறேன். சரிதானே?

சரியில்லை. வாரம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. இது தலைவலி மாத்திரை இல்லை. ஆம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இன்று காலை 126 என்று பார்த்தீர்கள் என்றால், அது நேற்றும் முந்தாநாளும் போட்ட மாத்திரைகள் செய்த வேலை. அதைப் பார்த்து இன்று விட்டால், பலன் இன்றே தெரியாது. இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏறும். நீங்கள் மறுபடி ஒன்று போடுவீர்கள், அதுவும் உடனே இறக்காது. இப்படி ஏறி இறங்குவதைத்தான் ரத்தக் குழாய் தாங்க வேண்டியிருக்கிறது. ஆம்லோடிபின் மெதுவானது என்பதால் தப்பித்தீர்கள். மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்ற வேறு பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. மேல் எண் 100க்குக் கீழே போய்த் தலை சுற்றினால் டாக்டரைக் கூப்பிடுங்கள், அளவை அவர் குறைக்கட்டும். நீங்களே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டு போடலாமா?

கூடாது. ஒன்றுதான்.

கேள்வி: டாக்டரிடம் போகும் நாளில் மாத்திரை போடாமல் போனால்தானே உண்மையான பிரஷர் தெரியும்?

போட்டுவிட்டே போங்கள். மருந்து போதுகிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். வீட்டில் அளப்பதென்றால் காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

கேள்வி: பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரையை இரவில் ஆரம்பிக்கச் சொன்னார்கள். காலைக்கு மாற்றலாமா?

முதல் மாத்திரை போட்டதும் எழுந்து நின்றால் சிலருக்குக் கண் இருட்டி விழ நேரும். அதனால்தான் படுக்கும்போது. நீங்களாக மாற்றாதீர்கள். ராத்திரி எழுந்தால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் நில்லுங்கள்.