இடியம்ஸில் மார்க் எங்கே போகிறது?

தமிழ் வழியில் படித்த உங்கள் மகள் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்கிறார், இடியம்ஸ் (ஆங்கில மரபுத்தொடர்கள்) கேள்வியில் மட்டும் தடுமாறுகிறார், ஆயிரம் இடியம் உள்ள புத்தகம் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அவருடைய சிக்கல் அநேகமாக எண்ணிக்கையில் இல்லை.

முதல் கட்டத் தேர்வான டியர் 1-ல் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். ஓர் இடியம் கொடுத்து, கீழே நான்கு பொருள் தருவார்கள், நான்குமே ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். விடைகளில் 'என்ட்யூர்' என்று இருந்தால் அதுதான் பதில் என்று தெரியாது. எனவே தமிழ்ப் பொருளுக்குப் பக்கத்திலேயே 'டாலரேட்', 'என்ட்யூர்' என இரண்டு ஆங்கிலச் சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். ஒகாபுலரி கேள்விக்கும் இதுவே கைகொடுக்கும்.

அடுத்தது, சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பார்க்கும் பழக்கம். 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பதைக் காலை வாருவது என்று நினைத்து, துரோகம் என்ற விடையை டிக் செய்வார்கள். அதற்குப் பொருள் விளையாட்டாகக் கிண்டல் செய்வது. கேள்வி எடுப்பவர்களுக்கும் இது தெரியும்; நேர்ப்பொருளையே ஒரு விடையாக வைத்துவிடுவார்கள். 'மேன் ஆஃப் லெட்டர்ஸ்' என்றால் இலக்கியப் புலமை உள்ளவர், கடிதம் எழுதுகிறவர் அல்ல. 'வைட் எலிஃபன்ட்' அபூர்வப் பொருள் அல்ல. பராமரிப்புச் செலவு இழுத்துக்கொண்டே போகும், பயன் இருக்காது. இப்படி ஏமாற்றுபவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கட்டும். தமிழோடு ஒத்துப்போகிறவற்றை ஒருமுறை பார்த்தால் போதும். 'பைட் த டஸ்ட்' மண்ணைக் கவ்வுவதுதான். 'கேரி கோல்ஸ் டு நியூகாஸில்', அதாவது நிலக்கரி விளைந்த இங்கிலாந்து நகரம் நியூகாஸிலுக்கே கரி கொண்டுபோவது, நம் திருநெல்வேலிக்கே அல்வா.

ஒரே சொல்லில் கிளைப்பவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 'டேக் ஹார்ட்' தைரியம் கொள்வது; நடுவில் ஒரு 'டு' நுழைந்து 'டேக் டு ஹார்ட்' ஆனால், மனதில் ஆழமாக வாங்கிக்கொள்வது. 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'புட் அவுட்' அணைப்பது. அகர வரிசைப் பட்டியலில் இவை பக்கம் பக்கமாகவே இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதாவிட்டால் தேர்வறையில் குழம்பும்.

பட்டியலைப் பழைய வினாத்தாள்களிலிருந்தே எடுக்கட்டும். கேட்டதையே திரும்பக் கேட்பது எஸ்.எஸ்.சி.யில் சகஜம். நாளுக்கு எட்டு போதும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பொருளை மட்டும் பார்த்து இடியத்தை எழுத வேண்டும். இடியத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது சுலபம், ஆனால் தெரிந்துவிட்டதாக ஏமாற்றும்.

தெரியாத கேள்வியில் என்ன செய்வது? டியர் 1-ல் சரியான விடைக்கு 2, தவறுக்கு 0.50 கழிவு. இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் டிக் செய்வதே லாபம். இரண்டாம் கட்டமான டியர் 2-ல் ஆங்கிலப் பகுதியில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. அங்கே ஒன்றையும் ஒதுக்க முடியாமல் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரி வரவு பூஜ்யம். இருபது விநாடிக்கு மேல் யோசிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகட்டும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ம் சேர்த்து எழுதுகிறார் என்றால், அங்கே மொழிப்பகுதி தமிழ். அந்தத் தேர்வு நெருங்கும் வாரங்களில் இந்த நோட்டை ஓரமாக வைத்துவிடலாம்.