காசு செலவில்லாமல் உடல்நலம் பேண நீங்கள் அன்றாடம் கடைப்பிடிக்கும் எளிய பழக்கம் எது?

நாற்காலியில் ஒரே மூச்சாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் நான் உட்காருவதில்லை. மற்றப் பழக்கங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

கணக்குப் பிரிவில் வேலை. முன்பெல்லாம் காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். நாற்பதை நெருங்கும்போது மாலை நேரங்களில் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. சாக்ஸ் பதிந்த தடம் இரவு வரை மறையாது. பரிசோதித்த மருத்துவர், இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு, "ஒரு நாளில் எத்தனை முறை எழுந்து நடப்பீர்கள்?" என்று கேட்டார். சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அவர் விளக்கியதை இன்றும் மறக்கவில்லை. காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறுவதற்கு இதயம் மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை இறுகும்போதெல்லாம், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது திரும்பக் கீழே இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. நாம் அசையாமல் இருந்தால் அந்தத் தசைக்கும் வேலை இல்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது.

அன்றிலிருந்து பெரிய தண்ணீர் பாட்டிலை மேசையில் வைப்பதில்லை. சிறிய தம்ளர்தான், தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். தொலைபேசியில் பேசும்போது நின்றபடி குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குவேன். வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிட்டது.

மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடக்கிறேன். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், உணவுக்குப் பின் அது அதிகம் ஏறுவதில்லை. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தால் என் கணக்கில் 140 சேர்ந்துவிடுகிறது. தினமும் பத்தாயிரம் காலடி நடக்க முடியவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது.

இவை எல்லாவற்றையும்விட நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது. கட்டிலிலிருந்து எழுவதற்கு என் தோளைத் தேடிய அப்பாவைக் கடைசி இரண்டு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். வயது ஏற ஏறத் தொடைத் தசை கரைந்துகொண்டே போகும். அதற்கு வேலை கொடுத்தால்தான் தங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் நடந்து சரிசெய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.